நான்காம் படியில் ஒட்டிய எச்சரிக்கை

அந்த விசாரணை அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். நான். கண்ணாடிக் கடை வைத்திருக்கும் என் தம்பி. அவன் மனைவி. காய ஈட்டுத்தொகை வாரியத்தின் மண்டல அதிகாரி. அவரை அலுவலகம் முழுக்க 'மண்டலம்' என்றுதான் சொல்கிறது, அவர் காதுபடவே. விபத்துத் தடுப்புப் பிரிவின் தலைவி. எதைச் சொன்னாலும் 'கவனம்' என்று முடிப்பதால் அவருக்குக் கவனம் அம்மா என்று பெயர். ஈட்டுத்தொகை எழுத்தர். வாசல் காவலாளி. எட்டாவதாக ஒரு பொம்மையும் இருந்தது. ஆள் உயரம், தலைக்கவசம், மஞ்சள் அங்கி. விழுந்தால் மனிதருக்கு என்ன ஆகும் என்று பொதுமக்களுக்குக் காட்டுவதற்காக வாரியம் அதை வாங்கியிருந்தது. ஊழியர்கள் மரியாதையாக 'மாதிரியார்' என்பார்கள். அறையில் ஆறு நாற்காலிகள். மாதிரியார் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டு உடைந்த என் தம்பி நின்றுகொண்டிருந்தான்.

ஆட்களை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. அன்று அங்கே இல்லாத பலர் இப்போது அங்கே இருந்ததுபோல் பேசுகிறார்கள். கடைத்தெருவில் ஒரு பேச்சும் உலவுகிறது. அதற்குக் கடைசியில் பதில் சொல்கிறேன். முதலில் நடந்தது நடந்தபடி.

எங்கள் மண்டலத்தில் காயங்களுக்கு வாரியம் கொடுக்கும் தொகை மற்ற எல்லா மண்டலங்களையும் விட அதிகமாகிவிட்டது என்று தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்ததாம். வேறு யாராவது இருந்திருந்தால், இத்தனை பேர் எங்கே விழுகிறார்கள், ஏன் விழுகிறார்கள் என்று போய்ப் பார்த்திருப்பார்கள். வாரியம் அட்டை அடித்தது. 'படி வழுக்கும், கவனம்' என்று சிவப்பில் எழுதி, பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்ட பெரிய அட்டை. ஊருக்கெல்லாம் முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று முதலில் தங்கள் வாசல் படிகளிலேயே ஒட்டினார்கள். பதினோரு படிகள். சொரசொரப்பான கல். மழையில் ஓடி ஏறினாலும் கால் நழுவாது. அட்டை ஒட்டிய நாள் முதல் அட்டையில் எழுதியிருந்தது உண்மையாயிற்று.

அதே சமயம் அலுவலகச் சுவரில் ஒரு பலகை மாட்டினார்கள். 'விபத்து இல்லாத நாட்கள்' என்று தலைப்பு, கீழே எண். சில மாதங்கள் கழித்து அந்தப் பலகைக்குக் கண்ணாடி போட எங்கள் கடைக்கு ஆர்டர் வந்தது. என் தம்பி கண்ணாடியை வெட்டி, ஓரம் தேய்த்து, துணியில் சுற்றி, தானே தூக்கிக்கொண்டு போனான். கீழிருந்து நான்காவது படி. அட்டையின் மேல் கால் வைத்தான். அட்டை அவனை விட்டுவிட்டுப் போனது. விழும்போது கண்ணாடியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கியிருக்கிறான். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. தரையைத் தொட்ட வலது மணிக்கட்டு மட்டும் இரண்டாகப் போயிற்று. எங்கள் அப்பா அந்தக் கடையைத் தொடங்கிய நாளிலிருந்து, எங்களிடமிருந்து புறப்பட்ட கண்ணாடி வழியில் உடைந்தது என்று யாரும் சொன்னதில்லை. இப்போதும் சொல்ல முடியாது. ஊழியர்கள் இருவர் அவன் கையிலிருந்த கண்ணாடியைப் பத்திரமாக வாங்கிக்கொண்டு போய்ப் பலகையில் பொருத்தினார்கள். அதற்குப் பிறகுதான் ஒருவர் அவனைத் தூக்கிவிட வந்தார்.

மருத்துவர் ஆபரேஷன் செய்து கம்பி வைக்க வேண்டும் என்றார்; அதற்கு அவர் சொன்ன தொகை அப்போது கல்லாவில் இல்லை. ஆறு மாதம் அந்தக் கை கண்ணாடி வெட்டும் கட்டரைத் தொடக்கூடாது என்றார்.

வாரியத்திடம் ஈட்டுத்தொகை கேட்கலாம் என்று தம்பி மனைவிதான் ஆரம்பித்தாள்.

"கேட்டு வாங்குற பழக்கம் நம்ம வீட்ல கிடையாது" என்றேன்.

"இது கேட்டு வாங்குறது இல்ல மாமா. மாசாமாசம் நம்ம கடையில இருந்து வாரியத்துக்குச் சந்தா பிடிச்சாங்கல்ல? அதுக்குத்தானே பிடிச்சாங்க?"

"திருப்பிக் கேக்குறதும் கேக்குறதுதான்."

"சரி. அப்போ அந்த மருந்துக்கடைக் கதவுக்கு மூணு கண்ணாடி வெட்டணும். நாளைக்குக் குடுக்கணும். நீங்களே வெட்டிக் குடுத்துடுங்க."

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஒரு கண்ணில் புரை. தம்பி தன் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். அவளிடம் தோற்றுப் புறப்பட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். வாரியம் தன் தவறைத் தானே உணர ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்றுதான் போனேன்.

எழுத்தர் நல்ல மனிதர். விண்ணப்பப் பாரங்களோடு இருபது வருடம் குடும்பம் நடத்தியும் முகத்தில் மனிதக் களை மிச்சமிருந்தது. என் தம்பியின் பெயர், வயது எல்லாம் எழுதினார்.

"விழுறதுக்கு முன்னாடி, விழப்போறோம்னு யார்கிட்டயாவது சொன்னாரா?"

"இல்லை."

"முன்னறிவிப்பு இல்லை" என்று எழுதிக்கொண்டார். "எதால வழுக்குச்சு?"

"படியில நீங்க ஒட்டியிருக்குற அட்டையால."

பேனாவைப் பட்டியலில் மேலிருந்து கீழ்வரை ஓட்டினார். "தண்ணி, எண்ணெய், சோப்பு, பாசி, பழத்தோல், பிற. இதுல அட்டை இல்லீங்களே."

"அப்போ பிற."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பெரியவரே, 'பிற' போட்டா என்னோடதையும் சேத்து மூணு கையெழுத்து வேணும். தடுப்புப் பிரிவு பாக்கணும், மண்டலம் பாக்கணும், அப்புறம் விசாரணை. பழத்தோல்னா நானே போட்டு அனுப்பிடுவேன். ரெண்டு வாரத்துல பணம் வந்துடும்." குரலைத் தணித்தார். "நம்ம படியில விழுறவங்க எல்லாருக்கும் தெருவுல கிடந்த பழத்தோல்னுதான் எழுதுறோம். போன வாரம் தபால்காரர் விழுந்தார். பழத்தோல். மண்டலத்தோட மச்சினரே விழுந்தார். அவருக்கும் பழத்தோல்தான்."

பழத்தோலில் வழுக்கி விழுவது கோமாளிகளின் தொழில். அதை எங்கள் குடும்பத்தின் பேரில் ஒரு அலுவலகக் காகிதத்தில் எழுதி, அதன் கீழே நான் கையெழுத்துப் போடுவதாவது.

"பிற" என்றேன்.

வெளியே வந்ததும், எதிரே பழம் விற்கும் அம்மாள் என்னை நிறுத்தினாள். கையில் ரப்பர் கையுறை, விரல்களில் கட்டு.

"கண்ணாடிக்கடை ஐயாதானே? உங்க தம்பிக்கும் பழத்தோல்னுதான் எழுதிக் குடுத்தீங்களா?"

"இல்லம்மா."

அவள் பெருமூச்சு விட்டுவிட்டுத் தன் கதையைச் சொன்னாள். நான் அதைச் சுருக்கித் தருகிறேன். அவள் சொன்ன வார்த்தைகளில் சில எழுதத் தக்கவை அல்ல. மாதா மாதம் பழத்தோல் விபத்துகள் ஏறிக்கொண்டே போவதைக் கணக்கில் பார்த்த தடுப்புப் பிரிவு, சமூகத்தைத் திருத்தப் புறப்பட்டது. முதலில் பழத்தோல் எதிர்ப்பு ஊர்வலம். பிறகு, பழங்களைத் தோல் உரித்துத்தான் விற்க வேண்டும் என்று இவளுக்கு உத்தரவு. நாள் முழுக்கக் கத்தி பிடித்ததில் விரலை அறுத்துக்கொண்டாள். உடனே கூர்முனை விழிப்புணர்வு வாரம். மொட்டைக் கத்திதான் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். மொட்டைக் கத்தியை அழுத்தி அழுத்தி இன்னும் இரண்டு விரல் போயிற்று. கையுறை கொடுத்தார்கள். கையுறையிலிருந்து உரித்த பழம் நழுவித் தெருவில் விழுந்தது. அதை மிதித்து ஒருவர் விழுந்தார். தோலே இல்லாத அந்தப் பழத்தையும் பாரத்தில் பழத்தோல் என்றே எழுதினார்கள்.

"இன்னும் ஒரே ஒரு பழத்தோல் வந்துச்சுன்னா, என்னை இந்த இடத்துல இருந்தே கிளப்பிடுவாங்களாம். இந்தத் தெருவுல ஒருத்தராவது நெஜத்த எழுதுங்கய்யா."

"எழுதியாச்சு" என்றேன்.

'பிற' என்று எழுதினால், விழுந்தவரே விபத்துக்குக் காரணமா என்று முதலில் பார்ப்பது வாரியத்தின் முறையாம். அடுத்த வாரம் கவனம் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். தோளில் ஒரு பை, பை நிறைய அட்டை. வாசல் நிலையை அளந்தார், குளியலறைத் தரையைத் தேய்த்துப் பார்த்தார், என் சாய்வு நாற்காலியை மூன்று தரம் ஆட்டிப் பார்த்தார். பிறகு பாரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார், அந்த நாற்காலியிலேயே.

"இந்த வீட்ல இதுக்கு முன்னாடி யாராவது விழுந்திருக்காங்களா? யோசிச்சுச் சொல்லுங்க, கவனம்."

"யாரும் இல்லை" என்றேன்.

தம்பி மனைவிக்குப் பொய் சொல்ல வராது. அது அவள் பிறந்த வீட்டுக் குறை. "மாமனார் ஒரு தடவை ஏணியில இருந்து..." என்று ஆரம்பித்துவிட்டாள்.

"அது விழுந்தது இல்லை" என்று குறுக்கிட்டேன். "கடைசி ரெண்டு படியை விட்டுட்டு இறங்கினார்."

"இறங்கினப்புறம் எழுந்திருச்சாரா?"

"எழுந்தார்."

"எழுந்திருச்சார்னா விழுந்திருக்கார்" என்றார் கவனம் அம்மா, எழுதிக்கொண்டே. "இரண்டு தலைமுறை."

போகும்போது வீடு முழுக்க அட்டை ஒட்டினார். சமையலறை வாசலில் ஒன்று, குளியலறைக்கு வெளியே ஒன்று, நாற்காலியின் முதுகில் ஒன்று. வாசல் கேட்டில் பெரியதாக ஒன்று: 'விழும் இயல்புள்ள குடும்பம். அணுகுவோர் கவனம்.' கடையும் வீடும் ஒரே கட்டடம், கேட்டும் ஒன்றுதான். விசாரணை முடியும்வரை எதையும் கிழிக்கக் கூடாது, கிழித்தால் கோரிக்கை ரத்து என்று சொல்லிவிட்டுப் போனார். அறுபது வருடமாக ஒருவர்கூட வழுக்காத எங்கள் தரையில், அன்று முதல் நாங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தோம்.

அவமானம் எனக்கு மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். தம்பியின் கடையில் இரண்டு வேலையாட்கள் இருக்கிறார்கள். அவன் கை ஆறும்வரை அவர்கள் வெட்டலாம், அவன் பக்கத்தில் நின்று சொல்லித் தரலாம். வேலை வந்தால்தானே. பள்ளிக்கூடத்திலிருந்து நாற்பது ஜன்னல்களுக்குக் கண்ணாடி கேட்டிருந்தார்கள். அதன் கணக்கர் வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. போர்டைப் பாத்தோம்."

"அதனால என்ன?"

"குழந்தைங்க இருக்குற இடம். விழுற குடும்பத்துக்கிட்ட கண்ணாடி வாங்கினோம்னு நாளைக்கு யாராவது கேட்டா..."

தம்பி இடது கையால் கல்லாவைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான். மருந்துக்கடைக்காரரும் வேறு இடம் பார்த்துக்கொண்டார். ஒரு மாதத்தில் கடையில் கண்ணாடி வெட்டும் சத்தமே நின்றுவிட்டது. கை ஆறிவிடும், அந்த அட்டை கேட்டிலேயே இருந்துவிட்டால், ஆறிய கைக்கு அந்தக் கடையில் வேலை இருக்காது. விசாரணைக்கு நான் பணத்துக்காகப் போகவில்லை. அந்த அட்டையைக் கழற்றுவதற்காகப் போனேன்.

விசாரணை நாளன்று பலகையில் 199 என்று இருந்தது. பலகையின் மேல் என் தம்பி வெட்டிய கண்ணாடி. மறுநாள் இருநூறாவது நாள் விழா. தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர் ஒருவர் வருகிறார். மாதிரியார் மேடையில் நின்று மாலை வாங்கப் போகிறார். இதையெல்லாம் மண்டலம்தான் சொன்னார், நாங்கள் கேட்காமலே.

"என் தம்பி விழுந்து ரெண்டு மாசம் ஆச்சு" என்றேன். "அப்புறம் எப்படி 199?"

"விபத்துன்னா என்னங்க?" என்று அவர் சிரித்தார். "தலைமை அலுவலகம் ஒத்துக்கிட்டாத்தான் விபத்து. அதுவரைக்கும் அது ஒரு கோரிக்கை. கோரிக்கையை எல்லாம் பலகையில ஏத்தினா, இந்த மண்டலம் ஒரு நாளாவது ஒண்ணைத் தாண்டுமா?"

பிறகு மேசையில் கை ஊன்றி எழுந்தார். நாங்கள் மூன்று பேர், கூட்டம் இல்லை. ஆனாலும் அவர் பேசியது பேச்சுதான்.

"நான் இந்தப் பதவிக்கு வந்தப்போ செலவு எங்க இருந்துச்சு தெரியுமா? கூரையில இருந்துச்சு. இப்போ நான் அதைப் பாதியாக் கொண்டுவந்துட்டேன். எப்படி? ஜனங்க விழுறதை நிறுத்தியா? அது யாராலயும் முடியாதுங்க. ஜனங்க விழுவாங்க. விழுந்தவங்க இங்க வந்து சேர்ற வழியைத்தான் நான் ஒழுங்குபடுத்தினேன். முதல்ல பாரம் வாங்குற ஜன்னலை ஒண்ணாக் குறைச்சேன். பாரத்தை ஒன்பது பக்கமாக் கூட்டினேன். கால் உடைஞ்சவங்க நேர்ல வரணும்னு விதி கொண்டுவந்தேன். வந்தவங்க எத்தனை பேர்ங்கிறீங்க? அதுதான் சமூகத்தைத் திருத்துறது! காயத்தோட அருமையை ஜனங்களுக்குப் புரிய வைக்கணும்."

கவனம் அம்மா கைதட்டினார். எழுத்தர் தன் பேனா மூடியைப் பார்த்தார்.

"இப்போ உங்க விஷயம்" என்று மண்டலம் உட்கார்ந்தார். "பெரிய மனுஷர், உங்களுக்காக ஒண்ணு செய்றேன். பழத்தோல்னு மாத்தி எழுதிடுங்க. இடம் வாசப்படின்னு வேண்டாம், தெருன்னு போட்டுக்கலாம். பணம் உடனே. கேட்ல இருக்குற அட்டையும் நாளைக்கே எடுத்துடறோம்."

தம்பி மனைவி என்னைப் பார்த்தாள். தம்பி ஜன்னலைப் பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே தெருவுக்கு எதிர்ப்புறம் அந்தப் பழக்கார அம்மாள் கையுறையோடு உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"அண்ணா" என்றான் தம்பி. இரண்டு மாதத்தில் இந்த விஷயத்தில் அவன் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. "நான் பழத்தோல்ல விழல."

"கேட்டீங்களா?" என்றேன் மண்டலத்திடம். "வாங்க. படியைப் போய்ப் பாக்கலாம். நீங்களே ஒரு தரம் நாலாவது படியில கால வச்சு இறங்கிக் காட்டுங்க. நீங்க விழலைன்னா நாங்க எழுந்து போயிடறோம்."

மண்டலம் கவனம் அம்மாவைப் பார்த்தார். அவர் மேசையைப் பார்த்தார்.

"ஐயாவெல்லாம் அந்தப் படியில வர்றதில்லீங்க" என்று காவலாளி சொன்னார். தன்னைத்தான் கேட்டார்கள் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. "அட்டை ஒட்டின மறுநாள்ல இருந்து எல்லாரும் பக்கத்துக் கதவுதான்."

"உன்னை யார் கேட்டா?" என்றார் மண்டலம்.

"நான் கேக்குறேன்" என்றேன். "ஏன் பக்கத்துக் கதவு?"

"வழுக்கும்னு போட்டிருக்கு இல்லீங்களா" என்றார் காவலாளி.

கவனம் அம்மாவுக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. சோதனை என்றால் முறையாகச் செய்ய வேண்டும், உயர் அதிகாரியை வைத்துச் செய்யக்கூடாது, சோதனைக்கென்றே வாரியத்தில் ஒருவர் இருக்கிறார் என்றார். எல்லோரும் மாதிரியாரைப் பார்த்தோம். அவர் மறுப்புச் சொல்லவில்லை.

காவலாளி மாதிரியாரின் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார். அலுவலர்கள் பக்கத்துக் கதவு வழியாக வெளியேறி, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு படிக்குக் கீழே வந்து நின்றார்கள். நான் முன்வாசல் வழியாகத்தான் இறங்கினேன், அட்டைக்கும் சுவருக்கும் நடுவில் தெரிந்த ஒரு சாண் கல்லில் கால் வைத்து. தம்பியும் அவன் மனைவியும் என் பின்னால் வந்தார்கள்.

"நாலாவது படியில நிறுத்துங்க" என்று கவனம் அம்மா கீழிருந்து கட்டளையிட்டார். "ரெண்டு காலும் அட்டை மேல இருக்கட்டும். நேரா நிக்குதா? கவனம். இப்போ கையை எடுங்க. சாதாரண மனுஷன் எப்படி நிப்பானோ அப்படி நிக்கட்டும்."

காவலாளி கையை எடுத்தார். மாதிரியார் சாதாரண மனுஷன் எப்படி நிற்பானோ அப்படி அரை நொடி நின்றார். பிறகு அட்டையோடு சேர்ந்து புறப்பட்டார். மூன்று படியும் முகத்தாலேயே இறங்கி, மண்டலத்தின் காலடியில் வந்து கிடந்தார். வலது கை மணிக்கட்டோடு கழன்று, பழக்கார அம்மாளின் கூடை வரைக்கும் உருண்டு போயிற்று.

"எடுத்துக் குடுங்கம்மா" என்றார் காவலாளி.

"கையுறையோட எடுத்தா நழுவும்பா, பரவாயில்லையா?" என்றாள் அவள்.

மண்டலத்தின் முகம் வெளுத்துவிட்டது. நாளைக்கு மாலை வாங்க வேண்டியவர் இன்று கை இல்லாமல் கிடக்கிறார். அதைவிடப் பெரிய கவலை ஒன்று அவருக்கு இருந்தது; அதை எழுத்தர் எடுத்துச் சொன்னார்.

"வாரியத்தோட சொத்து சேதமாயிருக்கு சார். இன்னைக்கே சொத்துப் பாரத்துல காரணம் எழுதணும். இல்லேன்னா..."

"தெரியும்."

"உங்க சம்பளத்துலதான் பிடிப்பாங்க."

"தெரியும்யா! எழுது!"

"பழத்தோல்னு போடட்டுமா சார்?"

"முட்டாளா நீ?" என்று மண்டலம் கத்தினார். "நம்ம வாசப்படியில பழத்தோல் கிடந்துச்சுன்னா பெருக்காதது யாரு? நான்தானே? அட்டைன்னு எழுது! அட்டையில வழுக்குச்சுன்னு எழுது! அட்டை தலைமை அலுவலகம் அடிச்சு அனுப்பினது. அது வழுக்கும்னு நான் அப்பவே நெனச்சேன். அதையும் எழுது!"

எழுத்தர் காவலாளியின் முதுகில் காகிதத்தை வைத்து எழுதினார். 'கீழிருந்து நான்காம் படி. காரணம்: அங்கே ஒட்டப்பட்ட எச்சரிக்கை அட்டை. சேதம்: வலது மணிக்கட்டு.' மண்டலம் கையெழுத்துப் போட்டார். கவனம் அம்மாவும் போட்டார். என் தம்பிக்காக இரண்டு மாதமாகக் கிடைக்காத கையெழுத்துகள் பொம்மைக்கு இரண்டு நிமிடத்தில் கிடைத்தன.

எழுத்தர் அந்தக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"சார், ஒரே இடம், ஒரே காரணம், ஒரே காயம். இப்படி வந்தா ஒரே கோப்பாச் சேர்க்கணும்னு விதி இருக்கு. காரணத்துக்கு நீங்க கையெழுத்துப் போட்டாச்சு. 'பிற'வுக்கு இதுக்கு மேல விசாரணை தேவைப்படாது."

மண்டலம் காகிதத்தைப் பிடுங்கக் கை நீட்டினார், பாதியில் இழுத்துக்கொண்டார். சம்பளம் வேண்டுமென்றால் அந்தக் காகிதம் இன்றே போக வேண்டும்.

எழுத்தர் கோப்பின் மேல் தலைப்பு எழுத ஆரம்பித்தார். சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதுவது அவர் வழக்கம். "மாதிரியார்... மற்றும்... ஒருவர்."

"நிறுத்துங்க" என்றேன்.

"என்ன மாமா இப்போ?" என்றாள் தம்பி மனைவி.

"'மற்றும் ஒருவர்' யாரு?"

"உங்க தம்பிதாங்க. இணைப்பாச் சேர்க்கிறோம்."

"பொம்மைக்கு இணைப்பா?"

"பேருதானே மாமா!" அவள் குரல் உடைந்தது. "பொம்மைக்குக் கீழ இருந்தா என்ன, மேல இருந்தா என்ன? ஆபரேஷன் நடக்கும், அட்டையை எடுப்பாங்க. விட்டுடுங்களேன்!"

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. தம்பியைப் பார்த்தேன். கட்டுப்போட்ட கையை மற்றக் கையால் தாங்கிப் பிடித்திருந்தான். நான் எழுத்தரிடம் திரும்பினேன்.

"முதல்ல விழுந்தது யாரு?"

"உங்க தம்பி."

"எப்போ?"

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி."

"பொம்மை?"

"இப்பதான்."

"அப்போ வரிசைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா உங்க ஆபீஸ்ல?"

"இணைப்பே வேண்டாம், கிழிச்சுப் போடு" என்று மண்டலம் ஆரம்பித்தார். கையெழுத்தான சொத்துப் பாரத்தைக் கிழித்தால் அதற்கு ஒரு பாரம் இருக்கிறது என்று எழுத்தர் சொன்னதும் நிறுத்திக்கொண்டார். எழுத்தர் பேனாவை உதட்டில் தட்டியபடி வானத்தைப் பார்த்து யோசித்தார். அவ்வளவு நேரமும் தம்பி மனைவி என் பக்கம் திரும்பவில்லை.

"தேதி வரிசைப்படி பாத்தா" என்றார் எழுத்தர், "பெரியவர் சொல்றதுதான் சரி." தலைப்புத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்.

கவனம் அம்மா என் அருகே வந்தார். காரணம் அட்டை என்று ஆகிவிட்டதால் எங்கள் கேட்டில் உள்ளதை எடுக்கத்தான் வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் மனசு ஆறவில்லை.

"உங்க அப்பா ஏணியில இருந்து..."

"இறங்கினார்" என்றேன்.

மறுநாள் விழா நடந்தது. ஒப்புதல் தபாலில் வந்துகொண்டிருந்ததால் பலகையில் 200 என்றே இருந்தது. மாதிரியார் வலது கையில் கட்டுப் போட்டுக்கொண்டு மாலை வாங்கினார். பாதுகாப்புக்காக அவர் செய்த தியாகத்தைப் பற்றி மண்டலம் அரை மணி நேரம் பேசினாராம். அதற்கடுத்த நாள் பலகை பூஜ்யத்துக்குத் திரும்பியது. கண்ணாடி அப்படியே இருக்கிறது.

மாதிரியாருக்குப் புதுக் கை ஒரு வாரத்தில் வந்தது. என் தம்பிக்குக் கம்பி வைக்கப் பணம் வர ஏழு வாரம். அவன் கை இப்போது தேறிவிட்டது. குளிரில் மட்டும் வலிக்கிறது. பள்ளிக்கூடத்துக் கணக்கர் வந்தார். கேட்டைத் தாண்டி உள்ளே வந்தார். நாற்பது ஜன்னலும் எங்கள் கண்ணாடி. பழக்கார அம்மாள் தோலோடு விற்கிறாள். தம்பி மனைவி என்னோடு பேசுகிறாள், தேவையான அளவுக்கு.

வாரியத்தின் படிகளையும் போய்ப் பார்த்தேன். தவறு கண்டுபிடிக்கப்பட்டால் உடனே திருத்துவது தங்கள் வழக்கம் என்று கவனம் அம்மா சொன்னார். பழைய அட்டைகளை எடுக்கவில்லை. அவை தலைமை அலுவலகத்தின் சொத்து. ஒவ்வொன்றின் மேலும் இன்னொரு அட்டை ஒட்டியிருக்கிறார்கள், அதே பளபளப்பில்: 'அட்டை வழுக்கும், கவனம்.' மக்கள் இப்போது அந்தப் படியில் ஏறுவதே இல்லை. பக்கத்துக் கதவில் 'ஊழியர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருக்கிறது. கோரிக்கைகள் கிட்டத்தட்ட நின்றுவிட்டன. எங்கள் மண்டலத்தின் செலவு நாட்டிலேயே குறைவு என்று மண்டலத்துக்குப் பதவி உயர்வு கொடுத்திருக்கிறார்கள்.

கடைசியாக, கடைத்தெருப் பேச்சு. என் தம்பிக்கு வந்தது பொம்மைக் கணக்கில் வந்த பணம், அவன் பெயர் பொம்மைக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்கிறார்கள். தவறு. கோப்பை நான் நேரில் பார்த்தேன். என் தம்பி முதலாவது. பொம்மை இரண்டாவது.